இரண்டு கைக்கும் ஒரே வயது

ஈப்போவில் புந்தோங் பக்கம் இருக்கிற எங்கள் கிளினிக்குக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிற தாய்மார்கள் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கட்சி பிரியாமல் ஒற்றுமையாக இருந்தார்கள். அந்த மிஸ்ஸி வேலையில் இருக்கிற நாளென்றால் பிள்ளையின் கன்னத்துப் பொட்டு பெரிதாகிவிடும். மற்ற நாட்களில் மிளகு அளவு. அவர் இருக்கிற நாளில் சட்டைப் பொத்தான் அளவு. நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்போம். அந்தக் கிளினிக்கில் ஏழெட்டு மிஸ்ஸிகள் இருந்தாலும் பொட்டைப் பெரிதாக்கிய பெருமை இவர் ஒருவருக்குத்தான்.

அவருக்குப் பொல்லாத கண் என்பது ஊர் முடிவு. அவர் உற்றுப் பார்த்த பிள்ளைக்கு ஒரு மாதத்துக்குள் ஏதாவது கோளாறு வந்து சேரும் என்று சத்தியம் செய்கிற ஆட்கள் எங்கள் வீட்டு வரிசையிலேயே நாலு பேர் இருந்தார்கள். கோளாறு முதலிலேயே இருந்தது, இவர் கண்ணில் அது பட்டது, அவ்வளவுதான் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நான் என் மகனுக்கு வைத்த பொட்டைப் பார்த்து, பிள்ளைக்கு அடிபட்டுவிட்டதா என்று ஒரு சீனப் பெண் விசாரித்தாள்.

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த வாரமே என் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, “என்னைப் பத்தி என்னாத்த எழுதிக் கிழிச்ச?” என்று கேட்பார்.

குள்ளம். கனத்த உடம்பு. நடந்தால் தரை தனக்குத்தான் சொந்தம் என்கிற நடை. தோளில் ஒரு கறுப்புக் கைப்பை. அதற்குள் ஒரு சாவிக்கொத்தும் சிவப்பு நூலில் கட்டிய ஒரு குஞ்சமும் எப்போதும் இருக்கும். கொத்தில் அவர் வீட்டுச் சாவி ஒன்றுதான். மற்றதெல்லாம் எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள், சத்தத்துக்காகச் சேர்த்தவை. பிள்ளையின் காதுக்குப் பின்னால் சாவியை ஆட்டுவார். கண்ணுக்கு முன்னால் குஞ்சத்தை ஆட்டுவார். ஆட்டிவிட்டுப் பிள்ளையை அப்படியே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வைக்குத்தான் தாய்மார்கள் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கையை நீட்டுவார்கள்.

வேறு மிஸ்ஸிகள் பிள்ளையைக் கையில் வாங்கும்போது கண்ணு, தங்கம், ராசா என்று எதையாவது சொல்வார்கள். இவர் சொல்வது இரண்டே வார்த்தை: “எங்க, காட்டு.” ஒருமுறை ஒரு பெண், பிள்ளைக்கு நெற்றியில் சுருள் முடி விழ வாரி விட்டு, “மிஸ்ஸி, எப்படி லா இருக்கான் என் பையன்? அழகா இருக்கான்ல?” என்று ஆசையாகக் கேட்டாள்.

“அழக வெச்சு நாக்கு வழிக்கவா? கழுத்து நிக்குதா சொல்லு.”

அந்தப் பெண் அடுத்த முறை புருஷனைத்தான் அனுப்பினாள்.

கிளினிக்குக்குள் மட்டும் இந்த அட்டகாசம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். வெளியிலும் இதே கதைதான். பாசாரில் ஒரு சீனரின் காய்கறிக் கடை. கடைக்காரர் மகள் தன் பிள்ளையை நடைவண்டியில் விட்டிருந்தாள். பிள்ளை நுனிக்காலில் நின்று சர்ரென்று ஓடுகிறது, எல்லாரும் சிரிக்கிறார்கள். இவர் கங்கோங் கீரை வாங்கப் போனவர், பிள்ளையை வண்டியிலிருந்து தூக்கி, கீரைக்கட்டுகளுக்கு நடுவில் பலகைமேல் நிறுத்தி, குதிகால் கீழே படுகிறதா என்று குனிந்து பார்த்திருக்கிறார். குதிகால் படவில்லை. கடைக்காரர் தமிழில் தொடங்கி கந்தோனீசில் முடித்துத் திட்டியிருக்கிறார். மூன்று மாதம் கழித்து அதே கடைக்காரர் கங்கோங் கட்டை காசு வாங்காமல் அவர் மோட்டார் கூடையில் தானே வைத்ததாகவும் கேள்வி. இந்தப் பின்பாதியை ஊர் யாருக்கும் சொல்வதில்லை.

மாதா கோயிலில் நடந்தது இதைவிட மோசம். அவர் வேதக்காரர். ஞாயிறு தவறாமல் இரண்டாம் வரிசையில் இருப்பார். அன்று ஒரு பிள்ளைக்கு ஞானஸ்நானம். எட்டாம் மாதத்தில் பிறந்து ஆஸ்பத்திரியில் வெகு நாள் இருந்து வந்த பெண் பிள்ளை. பாட்டுக் குழுவினர் கதவு அதிரப் பாட ஆரம்பித்தார்கள். பிள்ளை அம்மா தோளில் தூங்கியபடியே இருந்தது. ஒரு சின்னத் துள்ளல்கூட இல்லை. இவர் வரிசையை விட்டு எழுந்து போய், பாதிரியாருக்குப் பக்கத்தில் நின்று, பிள்ளையின் காதுக்குப் பின்னால் பட்டென்று கைதட்டினார். துள்ளியது பாதிரியார்தான். பிள்ளை தூங்கியது.

“காது பாருங்க,” என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டுத் திரும்ப வந்து மண்டியிட்டாராம். அந்தப் பிள்ளைக்கு ஆறு மாதம் முடிவதற்குள் காதுக்குக் கருவி வைத்தார்கள். இப்போது அவள் பேசுகிற பேச்சுக்கு வீட்டில் யாராலும் பதில் கொடுக்க முடிவதில்லை. ஆனால் அந்தக் குடும்பம் இன்றைக்கும் மிஸ்ஸியோடு பேசாது. கோயிலில் வைத்துக் கண் போட்டாள் என்பதுதான் அவர்கள் கட்சி.

இனி என் கதைக்கு வருகிறேன். அதில்தான் நான் அசிங்கப்பட்டேன்.

நான் ஈப்போவில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, “ரெண்டு கையும் ஸ்டேரிங்ல வை, ரெண்டு கையும் வை” என்று கத்துவதுதான் என் பிழைப்பு. ஆயிரம் பேர் கையைப் பார்த்துத் திட்டியிருப்பேன். சொந்தப் பிள்ளையின் கையைப் பார்க்கவில்லை.

என் மகன் கதிர் முப்பதாவது வாரத்திலேயே பிறந்துவிட்டான். பத்து வாரம் முந்திக்கொண்டான். என் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைதான் அவன் நீளம். வாரக்கணக்கில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். வீட்டுக்கு வந்த பிறகு, இந்த மிஸ்ஸிதான் எனக்கு ஒரு கணக்குச் சொல்லிக்கொடுத்தார். குறை மாதப் பிள்ளைக்கு இரண்டு வயது. பிறந்த நாளிலிருந்து எண்ணுவது ஒன்று, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுவது இன்னொன்று. கழுத்து நின்றதா, புரண்டானா, உட்கார்ந்தானா என்று பார்க்கும்போது இரண்டாவது வயதைத்தான் பார்க்க வேண்டும். அதாவது இவனுக்கு இரண்டரை மாதம் கழித்துக்கொள்ள வேண்டும்.

நான் அந்தக் கழித்தலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை உட்கார்ந்துவிட்டதா? நம்மவனுக்குக் கழி. நாத்தனார் பிள்ளை தவழ்ந்ததா? கழி. எதைப் பார்த்துப் பயம் வந்தாலும் கழித்தேன், பயம் போய்விட்டது. என் வீட்டுக்காரர் கமுந்திங்கில் தொழிற்சாலை வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். வந்ததும், “எப்படி இருக்கான்?” என்பார். “கழிச்சுப் பாத்தா நல்லாருக்கான்,” என்பேன்.

எங்களோடு இருந்தவர் என் மாமனார். அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் பிறவியிலேயே இடது கைக்காரர். சிலிம் ரிவர் பக்கம் கித்தா என்கிற ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, வாத்தியார் அவருடைய இடது கையைச் சாக்குக் கயிற்றால் மேசைக் காலோடு கட்டிவிட்டு வலது கையால் எழுதச் சொன்னாராம். எழுத்து வந்ததோ இல்லையோ, மனிதர் ஆயுசு முழுக்க அந்தக் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டே வாழப் பழகிவிட்டார். ஒருமுறை கோயிலில் மறந்துபோய்த் திருநீற்றுத் தட்டை இடது கையால் நீட்டிவிட்டார். இருபது வருடம் ஆகியும் அதைச் சொல்லிச் சிரிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த பேரன், எதை நீட்டினாலும் வலது கையாலேயே வாங்கினான். கிலுகிலுப்பையா, வலது கை. பால் புட்டியா, வலது கை. இடது கையை மூடி ஓரமாக வைத்துக்கொண்டு, ஏதோ நல்ல வளர்ப்பு என்பதுபோல நடந்துகொண்டான். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினார். “என் பீச்சாங்கை என்னோட போச்சு. பாருங்க, பேரன் பொறப்புலயே சோத்துக்கை.” நானும் கூடச் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் கன்னத்தில் ஒன்று போட வேண்டும்போல இருக்கிறது.

எட்டாவது மாதம் கிளினிக்குக்குப் போனோம். அதாவது கழித்துப் பார்த்தால் ஐந்தரை மாதம். மாமாவும் வந்தார், பேரனின் வித்தையை மிஸ்ஸிக்குக் காட்ட.

மிஸ்ஸி குஞ்சத்தை வலப்பக்கம் ஆட்டினார். கதிர் வலது கையால் பிடித்தான். இடப்பக்கம் கொண்டுபோனார். கதிர் உடம்பையே திருப்பி, வலது கையைக் குறுக்கே நீட்டி அதையும் பிடித்தான்.

மாமா கைதட்டினார். “பாத்தீங்களா மிஸ்ஸி? அந்தப் பக்கம் காட்டுனாலும் சோத்துக்கையாலதான் வாங்குறான். யாரும் சொல்லிக் குடுக்கல லா!”

மிஸ்ஸி இன்னும் கிட்டே வந்து குனிந்தார். கதிரின் வலது கையை மெல்லப் பிடித்துக்கொண்டு, குஞ்சத்தை இடது கைக்கு நேராக நீட்டினார். இடது கை வரவில்லை. கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டு மூடியபடியே கிடந்தது. கதிர் குஞ்சத்தைப் பார்த்து அழுதான்.

“எப்பலேருந்து இந்தக் கைய மூடி வெச்சிருக்கான்?”

“குறை மாசப் பிள்ளைல்ல மிஸ்ஸி,” என்றேன் நான். “நீங்கதான சொன்னீங்க, ரெண்டரை மாசம் கழிச்சுப் பாக்கணும்னு?”

“கழிச்சாச்சு. சோத்துக்கைக்குக் கழிச்சா பீச்சாங்கைக்கும் அதே கழிவுதான? ரெண்டு கைக்கும் ஒரே வயசுதான? ஒன்னு எட்டி எட்டிப் புடிக்குது, ஒன்னு படுத்துக் கெடக்குது. அது எப்படி?”

மாமா விடவில்லை. “சில பிள்ளைங்க அப்படித்தான் மிஸ்ஸி. கெட்டிக்காரப் பிள்ளைங்க.”

“அண்ணே, ஒரு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைக்கு சோத்துக்கையும் இல்ல, பீச்சாங்கையும் இல்ல. ரெண்டும் வெறும் கைதான். ஒன்ன மட்டும் எடுக்குதுன்னா இன்னொன்னுக்கு என்னாச்சுன்னு பாக்கணும். இதுல கெட்டிக்காரத்தனம் எங்க வந்துச்சு?” என்னிடம் திரும்பினார். “சுராட் எழுதித் தரேன். ஆஸ்பத்திரியில பிள்ளைங்க டாக்டரப் பாரு. இந்த வாரமே போ.”

“என்னான்னு சொல்லுங்க மிஸ்ஸி.”

“எனக்குத் தெரியாது. என் வேலை சந்தேகப்படுறது. என்னான்னு சொல்றதுக்கு டாக்டருங்க இருக்காங்க.”

சுராட் என்றால் கடிதம். அவர் எழுதித் தந்த கடிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பயம் வந்தால் சிலருக்கு அழுகை வரும், எனக்குக் கோபம் வரும். வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, “இவங்க கண்ணுக்கு ஊர்ல வேற பிள்ளையே கெடைக்கலியா?” என்று சொன்னேன். கதவு திறந்துதான் இருந்தது. அவர் காதில் விழுந்தது எனக்குத் தெரியும். அடுத்த பிள்ளையிடம், “எங்க, காட்டு,” என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

அந்த வெள்ளிக்கிழமை உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன். அடுத்த வெள்ளியும் போட்டேன். மூன்றாவது வெள்ளி, மிளகாய்க் கமறல் தாங்காமல் பக்கத்து வீட்டு சீனக் கிழவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இருமிக்கொண்டே என்னைத் திட்டினார். கண்ணேறு கழிந்ததா என்று பார்த்தேன். கதிரின் இடது கை மூடியபடியே இருந்தது. சுராட் நான் பாடம் நடத்துகிற காரின் முன்பக்கப் பெட்டிக்குள் கிடந்தது. அதைத் தூக்கி எறியவும் எனக்குத் தைரியம் இல்லை, பிரிக்கவும் இல்லை. மறுமுறை மிஸ்ஸி விடுப்பில் இருக்கிற நாளாகப் பார்த்துக் கிளினிக்குக்குப் போய், ஊசி மட்டும் போட்டுக்கொண்டு ஓடி வந்தேன்.

ஆறேழு வாரம் இப்படிப் போனது. ஒரு நாள் எங்கள் பயிற்சிப் பள்ளியில் ஒரு புது ஆள் வந்து என் பெயரைச் சொல்லிக் கேட்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் மிஸ்ஸி. கையில் சேருவதற்கான ஃபாரம்.

“மோட்டார்லயே எத்தன வருசம் மழையில நனையுறது? கார் கத்துக்கப் போறேன். நீதான சொல்லிக் குடுக்குற?”

முதல் இரண்டு பாடம் வளாகத்துக்குள்ளேயே. என் மகனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன். வண்டியைச் சுமாராக ஓட்டினார். கியரை மட்டும் வஞ்சம் தீர்ப்பதுபோல இழுப்பார்.

மூன்றாவது பாடத்துக்குச் சாலைக்குப் போனோம். வளாகத்து வாசலில் கியரைப் போட்டு வண்டியை எடுத்தார். சாலைக்கு வந்ததும் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். விரல்களை மூடி, கட்டைவிரலை உள்ளே விட்டு. வலது கையால் மட்டும் ஸ்டேரிங்.

“மிஸ்ஸி, ரெண்டு கையும் வைங்க.”

“எனக்கு சோத்துக்கைதான் பழக்கம்.”

“ஒத்தக் கையால ஓட்டக் கூடாது. ரெண்டாவது கியர் போடுங்க.”

“சோத்துக்கை எட்டாதே.”

வண்டி முதல் கியரிலேயே அலறிக்கொண்டு போனது. நம் ஊர்க் காரில் ஓட்டுநர் வலப்பக்கம், கியர் இடது கைப் பக்கம். அந்தக் கை மடியில் கிடந்தால் வண்டிக்கு விமோசனம் இல்லை. பின்னால் ஒரு லோரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். மோட்டார்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

“மிஸ்ஸி! கியர மாத்துங்க! இஞ்சின் போயிரும்!”

“ஏன் லா கத்துற? நான் புதுசா வண்டி ஓட்டுறவ. கழிச்சுப் பாரு.”

“என்னாத்தக் கழிக்கிறது? இடது கை வேலை செய்யலன்னா வண்டி எப்படிப் போகும்?”

கத்திய பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. அவர் வண்டியை ஓரங்கட்டி, இஞ்சினை அணைத்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நெற்றி வியர்வையைத் துடைக்கத் துணி தேடியவர், அதுவரை மடியில் கிடந்த இடது கையை நீட்டி முன்பக்கப் பெட்டியைத் திறந்தார். மேலேயே கிடந்தது சுராட், ஒட்டியது ஒட்டியபடி, அவர் கையெழுத்தில்.

எந்தத் திட்டு திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் கடிதத்தை எடுத்து என் மடியில் வைத்தார்.

“டாக்டர் நாளைக்கு இருக்காரு. காலையில போனா பாத்துறலாம்,” என்றார். பிறகு இஞ்சினைப் போட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று இரண்டு கையாலும் ஒழுங்காக ஓட்டி என்னைப் பள்ளியில் கொண்டுவந்து விட்டார். பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான் என்று பதிவேட்டில் இருக்கிறது.

பிறந்த சமயத்தில் கதிரின் மூளையில் வலப்பக்கம் இரத்தம் கசிந்திருக்கிறது. அதுதான் இடது கையைப் பிடித்து வைத்திருந்தது என்றார் டாக்டர். நோயின் பெயர் நீளம். பல நாள் நான் அதை வாயால் சொல்லவில்லை. இந்த வயதில் மூளை இன்னும் வழி போட்டுக்கொண்டுதான் இருக்கும், இப்போதே அந்தக் கைக்கு வேலை கொடுத்தால் பிடித்துக்கொள்ளும், ஒற்றைக் கையோடு பழகிப்போன பிறகு வந்திருந்தால் கஷ்டம் என்றும் சொன்னார். நான் தாமதித்த வாரங்களைப் பற்றிக் கேட்டேன். பரவாயில்லை என்றார். மிஸ்ஸியிடமும் போய்க் கேட்டேன்.

“போனது போனதுதான். இப்ப அழுதா கை வந்துருமா? போய் வேலையப் பாரு.”

என்னவோ, டாக்டரின் பரவாயில்லையைவிட அதுதான் எனக்குத் தெம்பாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் சொன்ன வேலை சுலபமானது. நாளுக்கு ஒரு மணி நேரம் கதிரின் வலது கையில் மெல்லிய காலுறையை மாட்டிவிட வேண்டும். அந்தக் கை சும்மா இருக்கும்போது இடது கை வேறு வழியில்லாமல் வெளியே வரும். வீட்டில் இதைச் சொன்னதும் மாமா எழுந்து வெளியே போய்விட்டார். வாசலில் மோட்டாருக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, “பிள்ள கையக் கட்டுற வீட்டுல நான் இருக்க மாட்டேன்,” என்றார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. எனக்கு எரிச்சலாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது. மறுநாள் வேலை முடிந்ததும் மிஸ்ஸி மோட்டாரில் வந்து இறங்கினார். நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன்.

“அண்ணே, உங்க கைய எதுக்குக் கட்டுனாங்க?”

“பீச்சாங்கையால எழுதுறேன்னு.”

“அந்தக் கை நல்லாத்தான எழுதுச்சு?”

“நல்லாத்தான் எழுதுச்சு,” என்றார் மாமா.

“அப்ப நல்லா வேலை செஞ்ச கையக் கட்டிப் போட்டாங்க. அது அநியாயம். இங்க ஒரு கை வேலையே செய்யல. அத எழுப்புறதுக்கு இன்னொன்ன ஒரு மணி நேரம் தூங்க வைக்கிறோம். ரெண்டும் ஒன்னா? இந்த வீட்ல பீச்சாங்கைக்கு வாத்தியார் வேணும். உங்கள விட்டா யாருக்குத் தெரியும்? இவளுக்கா? இவ ஒரு கடுதாசியையே பிரிக்கத் தெரியாதவ.”

மாமா உள்ளே வந்தார். காலுறை ஜோடியாகத்தானே இருக்கும். ஒன்றைப் பேரனின் வலது கையில் மாட்டினார். இன்னொன்றைத் தன் வலது கையில் மாட்ட முயன்றார், விரல் வரைதான் போனது. பரவாயில்லை என்று இருவரும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு மரக்கரண்டி. அறுபது வருடம் ஒளித்து வைத்த கையை மாமா வெளியே எடுத்துக் கரண்டியைத் தூக்கி ஆட்டினார். கதிர் பார்த்தான், கத்தினான், காலுறையைக் கடித்தான். அன்று ஒன்றும் நடக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கப்புறம் ஒரு நாள் இடது கை மெல்ல வந்து கரண்டியைத் தொட்டது. பிடிக்கவில்லை, தொட்டது. மாமா தெருவுக்கு ஓடிப் போய், “பேரன் பீச்சாங்கையால தொட்டுட்டான்!” என்று கத்தினார். அதே தெருவில் முன்பு எதைச் சொல்லிப் பெருமையடித்தார் என்று ஞாபகம் இருந்தவர்கள் குழம்பிப்போனார்கள்.

மிஸ்ஸி கார்த் தேர்வில் தோற்றார். நன்றாகத்தான் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். சாலையோரம் ஒரு மலாய்க்காரப் பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பிள்ளையின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததாம். இவர் நடுச்சாலையில் பிரேக் போட்டுக் கண்ணாடியை இறக்கியிருக்கிறார். தேர்வு அதிகாரி அந்த இடத்திலேயே தாளில் கோடு போட்டுவிட்டார்.

அன்று அவரைச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனேன். ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டே விட்டேன். “ஏன் மிஸ்ஸி, ஒரு பிள்ளையக்கூட நல்லாருக்குன்னு சொல்ல மாட்டேங்கிறீங்க? ஒரு வார்த்த சொன்னா என்னா?”

“ஒரு தடவ சொன்னேன் லா. சிலிம் ரிவர்ல புதுசா வேலைக்குச் சேந்தப்ப. தோட்டத்துலேருந்து ஒரு பிள்ளையத் தூக்கிட்டு வந்தாங்க. கொழுகொழுன்னு இருந்துச்சு. வெளிய நாப்பது பேர் நிக்கிறாங்க. ‘அழகா இருக்கு, போயிட்டு வா’ன்னு அனுப்பிட்டேன். அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே போனா. மூணு வயசுல திரும்பக் கொண்டாந்தா. நடக்கல. இடுப்புல தூக்கிக்கிட்டு நிக்கிறா. ‘நீங்கதான மிஸ்ஸி நல்லாருக்குன்னு சொன்னீங்க’ன்னா. சண்டைக்கு வரல. சும்மா கேட்டா.” கையை நக்கிக்கொண்டார். “அந்தக் கறிக்குழம்ப இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லு.”

நான் ஊற்றச் சொன்னேன்.

அவருக்குத் தைப்பிங் பக்கம் மாற்றலாகிவிட்டது. அதன் பிறகு பார்க்கவே இல்லை. போன மாதம் ஈப்போவில் ஒரு கல்யாண மண்டபத்தில்தான் பார்த்தேன். முடி முழுக்க வெளுத்திருந்தது. அதே நடை, அதே கைப்பை. பழைய ஆட்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். மண்டபத்தில் கைப்பிள்ளை வைத்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக வேறு மேசைக்கு நகர்ந்தார்கள். எங்கள் மேசையில் ஒரு சின்னப் பெண், ஊருக்குப் புதிது. யாரோ காதில் ஏதோ சொன்னார்கள். அவள் சால்வையை இழுத்துத் தன் பிள்ளையின் முகத்தை மூடினாள்.

கதிருக்கு இப்போது ஏழு வயது. ஓடுவான். இடது கால் கொஞ்சம் இழுக்கும். சட்டைப் பொத்தான் போட எனக்கு ஆகிற நேரத்தைப்போல மூன்று மடங்கு ஆகும், ஆனால் இரண்டு கையாலும் அவனேதான் போடுவான். மாமா அவனிடம் ஒரு ஜிலேபியைக் கொடுத்து, மிஸ்ஸியைக் காட்டி அனுப்பினார். அவன் அதை இடது கையில் வாங்கி, பாகு முழங்கை வரை ஒழுக, கீழே போடாமல் கொண்டுவந்து நீட்டினான்.

“தம்பி, பெரியவங்களுக்கு சோத்துக்கையால குடுக்கணும்,” என்றாள் பக்கத்திலிருந்த ஓர் அம்மாள்.

“அந்தக் கையாலதான் குடுப்பான்!” என்று பின்னாலிருந்து மாமா போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மிஸ்ஸி தன் இடது கையை நீட்டி ஜிலேபியை வாங்கினார். நீட்டிய கையை விடாமல் பிடித்து, கதிரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். ஏழு வருடமாக ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தவள் நான். இன்றைக்காவது சொல்லிவிடுவார் என்று அவர் வாயையே பார்த்தேன்.

“கட்டைவிரல் இன்னும் உள்ள மடங்குது,” என்றார். “படுக்கும்போது கைக்குப் பட்டை போடுறியா இல்லியா?”

“போடுறேன் மிஸ்ஸி.”

“பொய். வாரத்துல ரெண்டு நாள் போட மாட்ட.”

அது உண்மை. அவர் ஜிலேபியை வாயில் போட்டுக்கொண்டு, பாகுக் கையைத் துடைத்துவிட்டு, கைப்பைக்குள் கையை விட்டார். சாவி குலுங்கியது. எதிரே இருந்த சின்னப் பெண்ணைப் பார்த்தார்.

“எங்க, காட்டு.”

அந்தப் பெண் சால்வையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். யாராவது காப்பாற்ற மாட்டார்களா என்று சுற்றிப் பார்த்தவள், கடைசியில் என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். கிளினிக் வராந்தாவில் சுராட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற என் முகம்.

நான் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, “காட்டும்மா,” என்றேன்.